சங்ககிரி வீட்டில் சத்தமில்லாத டிவி

நான் ஒரு டிவியையும் கழற்றிப் பார்த்தவள் அல்ல. என் வீட்டு மிக்சியின் கைப்பிடி கழன்றால் முடுக்குவதற்கு மட்டும்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டிருக்கிறேன். ஆனாலும் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டைப் பார்த்த ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு, காதில் ஹெட்போனை மாட்டியபடி, சேலம் நாமக்கல் பக்கத்து டிவிகளுக்கெல்லாம் வைத்தியம் சொல்லியே என் உத்தியோக காலம் முழுவதும் ஓடிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் யாராவது கூப்பிட்டால் "வணக்கம், உங்க புகாரைச் சொல்லுங்க" என்று வாயில் வந்துவிடுகிறது. என் வீட்டுக்காரருக்கு அது பிடிப்பதில்லை.

புகார் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான்கு வார்த்தை எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். நான்கு வார்த்தையில் பேச்சை முடிக்கத் தெரிந்திருந்தால் நான் அவரிடம் இத்தனை திட்டு வாங்கியிருக்கவே மாட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டனை அழுத்தச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே வரிசையாக வருகிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. சத்தம் வராத டிவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மற்றப் புகார்களும் அதுவும் ஒன்றல்ல. படம் வரவில்லை என்றால் ஆட்கள் கோபமாகக் கூப்பிடுவார்கள். சத்தம் வரவில்லை என்றால் பலபேர் குரலில் ஒரு வருத்தம் இருக்கும். பாதி வீடுகளில் டிவியை யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இருக்கட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் குரல் நின்றால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

பழைய டிவி என்றால் சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். இப்போதைய ஸ்மார்ட் டிவி அப்படியில்லை. சவுண்ட்பாருக்கு அனுப்பும், செட்டாப் பாக்ஸ் பேச்சைக் கேட்கும், ப்ளூடூத்தில் யாராவது கூப்பிட்டால் அவர்கள் பின்னாலேயே போய்விடும். மோகனூரில் இருந்து ஒரு கரும்பு விவசாயி கூப்பிட்டார். டிவி ஊமையாகிவிட்டது என்றார். விசாரித்துக்கொண்டே போனால், கல்யாணமான மகள் பிரியப்பட்டாள் என்று சவுண்ட்பாரை மட்டும் கழற்றி அவளோடு அனுப்பி வைத்திருக்கிறார். டிவி பழையபடி சவுண்ட்பாருக்குப் போகும் வழியிலேயே சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆளில்லை. நான் விஷயத்தை அவருக்கு விளக்கினேன். பிறகு, "அதுக்கும் புள்ளைய உட்டுட்டு இருக்க முடியலையாட்ட இருக்குதுங்க" என்றார். செட்டிங்கை மாற்றிக் கொடுத்துவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சங்ககிரிக்காரர் விஷயம் அதற்கு அப்புறம் நடந்தது.

அந்த வீட்டில் இருந்து கோமதி என்ற பெண்தான் முதலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெதுவான குரல். அவள் மாமனார் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார், வலது பக்கம் வராது, பேச்சும் போய்விட்டது. அவருக்குப் பொழுது போகட்டும் என்று கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு ஸ்மார்ட் டிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் அவ்வப்போது சத்தம் நின்றுவிடுகிறது. படம் பளிச்சென்று தெரிகிறதாம். ரெண்டு மூன்று நாள் அப்படியே இருந்துவிட்டுத் தானாகச் சரியாகிவிடுகிறதாம்.

எங்கள் டெக்னீஷியன் ரகு போனான். டிவி நன்றாகப் பேசியது. பழுது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே புகார். மறுபடியும் போனான். டிவி அப்போதும் நன்றாகத்தான் பேசியது. இருந்தாலும் ஒரு மரியாதைக்காக உள்ளே இருந்த பவர் போர்டை மாற்றிவிட்டு வந்தான். மூன்றாம் முறை அவள் பெயரைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, நான் போனா அந்த டிவி கச்சேரி பண்ணுது. நான் வண்டியைத் திருப்புனதும் வாய மூடிக்குது. எனக்கும் அதுக்கும் ஆவாது, வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்றான்.

அந்தச் சமயம் ஒரு கோடை மழை பெய்தது. முதல்நாள் சாயங்காலம் இடி மின்னலோடு அடித்து ஊற்றியதில் சங்ககிரியில் இருந்து ராசிபுரம் வரைக்கும் யார் வீட்டில் எது புகைந்ததோ, மறுநாள் காலையில் இருந்து எங்கள் போன் ஓயவில்லை. காத்திருக்கும் அழைப்புகள் எத்தனை என்று காட்டும் பலகை சுவரில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மேனேஜர் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. எனக்கு அப்படிப்பட்ட நாட்களில் பசியைவிடக் கோபம்தான் அதிகம் வரும். ஒவ்வொரு அழைப்பையும் வெடுக் வெடுக்கென்று வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஓர் ஆண் குரல் வந்தது.

"மேடம், சங்ககிரில இருந்து சரவணன் பேசறனுங்க. கோமதின்னு எங்கூட்ல அடிக்கடி பேசியிருக்கும். எங்கூட்டு டிவிய வந்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

"சத்தம் வரலைங்களா?"

"வரலைங்க. அது கெடக்குது. நீங்க எடுத்துக்கிட்டு மட்டும் போயிருங்க. பணமெல்லாம் வேண்டாமுங்க."

பணத்தைத் திருப்பிக் கொடு என்று கத்துகிறவரைச் சமாளிப்பது சுலபம். எதுவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அங்கே பிரச்சினை டிவி அல்ல. சிவப்புப் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்னாச்சு?" என்று கேட்டேன். புகார் பிரிவில் கேட்கக் கூடாத கேள்வி அது. அதற்கு எவ்வளவு நேரம் பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

கேட்டதுதான் தாமதம், அவர் கொட்டிவிட்டார். முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது ஆட்களுக்குச் சில சமயம் சுலபமாக இருக்கிறது.

"நான் லாரி ஓட்டறனுங்க, வடக்க லைனு, நாக்பூர் பக்கமெல்லாம் லோடு போவேன். மாசத்துல ஏதோ கொஞ்ச நாளுதான் ஊட்டுல இருப்பேன். நான் உள்ள கால வெச்சாலே எங்கப்பனுக்கு ஆவறதில்லைங்க. நல்ல கையால கட்டல அடிக்கறாரு. சன்னலக் காட்டறாரு. சன்னலுக்கு அந்தப்பக்கம் சொவத்தோரமா என் லாரி நிக்குதுங்க. அதக் காட்டிக் காட்டி அடிக்கறாரு. கண்ணுல தண்ணி வருது."

"எதுக்குக் காட்டறாரு?"

"எடுத்துக்கிட்டுப் போடாங்கறாருங்க. வேறென்ன."

அவர் அப்பாவும் லாரி டிரைவராக இருந்தவராம். இந்தப் பிழைப்பு தன்னோடு போகட்டும் என்று மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறார். இவர் பாதியில் விட்டுவிட்டு ஸ்டேரிங்கைப் பிடித்துவிட்டார். கடன் வாங்கிச் சொந்த லாரி எடுத்து, மாலை போட்டு, வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு அப்பா வெளியே வந்து, "எடுத்துக்கிட்டுப் போடா இத. என் கண்ணு முன்னால நிறுத்தாத" என்று சொல்லியிருக்கிறார். இவரும் ரோஷத்தில் அப்படியே லோடு ஏற்றப் போய்விட்டார்.

"அதுதானுங்க எங்கப்பன் என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. நாக்பூர்ல இருந்தேன், வாதம் வந்துருச்சுன்னு போன் வந்துச்சு. அப்புறம் அவருக்குப் பேச்சே வரலைங்க. இப்பக் கையால அதையேதான் சொல்றாரு."

மேனேஜர் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. திரும்பாமலே, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"நாளைக்கு எங்கக்கா குமாரபாளையத்துல இருந்து வாராங்க. அப்பாவ அங்க கூட்டிக்கிட்டுப் போறாங்க. எம் மூஞ்சியப் பாக்காம இருந்தாலாச்சும் மனுசன் நிம்மதியா இருப்பாருங்க. கோமதி வேண்டாங்கறா. நாந்தான் முடிவு பண்ணிப்போட்டேன். அவரில்லாத ஊட்டுல அந்த டிவி எதுக்குங்க? அதப் பாத்தா அவரு நெனப்புத்தான் வரும்."

இப்படி ஒருவர் சொல்லும்போது புகார் எண் கேட்பவளுக்கு மனசு கல்லாக இருக்க வேண்டும். என் கை மட்டும் பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை என்று அடித்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் சொல்லும். முதலில் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல். அதற்கும் சரியாகவில்லை என்றால் மொத்தமாக ரீசெட் செய்யச் சொல். அந்த ரீசெட் என்ற சொல்லை நான் பாதி சொல்லியும்விட்டேன்.

அப்போதுதான் அவர் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. தூரத்தில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து வருவதுபோல. "நெய் நல்லா உருகினதும் ரவையைப் போட்டு, கை விடாமல் வறுக்கணும்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பின்னால யாருங்க பேசறது?"

"யாருமில்லீங்களே."

"ரவை வறுக்கறதப் பத்தி."

"அதுங்களா. பக்கத்து ஊட்டு டிவியா இருக்குங்க. நான் லாரியோரமா நின்னு பேசிக்கிட்டிருக்கறேன். உள்ள பேசுனா அப்பா காதுல உளுமுங்களே."

எத்தனையோ வீட்டு டிவிகளைக் காதால் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு கிறுக்கு வந்துவிட்டது. ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டு டிவி என்றால் காற்றில் கொஞ்சம் வந்து கொஞ்சம் போகும். இது அப்படி இல்லை. அடைத்த இடத்துக்குள் இருந்து ஒரே சீராக வந்தது.

"ஏனுங்க, டிவில சத்தம் எப்பெல்லாம் போகுது? நீங்க வந்தா மட்டுமா, இல்ல எப்பவுமேவா?"

"கோமதியும் இதத்தான் கேக்கறா. வந்ததும் வராததுமா நான் ரிமோட்ல எதையோ அமுக்கிப் போடறேன்னு சண்டைக்கு வாரா. நான் அதத் தொடறதே இல்லைங்க."

ரகு போன நாட்களை நினைத்துப் பார்த்தேன். ரெண்டு தடவையும் கதவைத் திறந்தது கோமதி. வீட்டுக்காரர் லைனுக்குப் போயிருக்கிறார் என்று அவன் சொல்லியிருந்தான். லாரி இல்லாத நாளில் டிவி பேசுகிறது, லாரி வந்து நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. அது எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

"உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இந்த நிமிஷம் டிவில என்ன ஓடுதுன்னு."

அவருக்கு என்மேல் எரிச்சல் வந்திருக்க வேண்டும். ஆனாலும் மரியாதைக்காரர். சன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்புள்ள, டிவில என்ன ஓடுது இப்ப?"

உள்ளே இருந்து கோமதியின் குரல் வந்தது. "ரவா லட்டுப் பண்றாங்க. படமெல்லாம் நல்லாத்தான் தெரியுது. சத்தந்தான் இல்ல."

அதே நேரம் என் காதில் அந்தப் பெண் குரல், "முந்திரியைத் தனியா வறுத்து வெச்சுக்கங்க" என்றது.

"சரவணன், உங்க லாரிக் கதவைத் திறங்க" என்றேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதோடு முந்திரியும் திராட்சையும் ஏலக்காயும் உரக்க என் காதில் வந்து விழுந்தன. கேபினுக்குள் யாரும் இல்லாத இடத்தில் ஒரு அம்மாள் ரவா லட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தபோது டிவியில் சத்தம் போதவில்லை என்று, லாரியில் பாட்டுக் கேட்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்துவந்து டிவியோடு இணைத்திருக்கிறார் சரவணன். பண்டிகை முடிந்து ஸ்பீக்கர் லாரிக்குத் திரும்பிவிட்டது. டிவி அதை மறக்கவில்லை. ஓட்டும்போது ஸ்பீக்கர் அவருடைய போனோடு சேர்ந்து பாடும். வீட்டுக்கு வந்ததும் போனில் ப்ளூடூத்தை நிறுத்திவிடுவாராம், இல்லையென்றால் யாராவது கூப்பிட்டால் பேச்சு லாரிக்குப் போய்விடுகிறது என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் ஸ்பீக்கரை நிறுத்தமாட்டார். அது கேபின் சார்ஜரில் எப்போதும் உயிரோடு கிடக்கும். போன் கைவிட்ட ஸ்பீக்கரைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிவி பிடித்துக்கொள்ளும். பெரியவருக்கு வரவேண்டிய சத்தமெல்லாம் பூட்டிய லாரிக்குள் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும். லாரி கிளம்பிப் போனால் டிவிக்குச் சத்தம் வந்துவிடும்.

"அட, இதானுங்களா?" என்றார் அவர். குரலில் ஒரு சலிப்பு. "சரிங்க, நிறுத்திப்போடறேன்."

"நிறுத்தாதீங்க" என்றேன்.

நான் அதட்டிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

என் மனசில் ஓடியதைச் சொல்கிறேன். அவர் அப்பா காட்டியது சன்னலை. சன்னலுக்கு அந்தப் பக்கம் லாரி. அந்த லாரிக்குள்ளே அவருடைய டிவியின் சத்தம். கட்டில் போட்டிருப்பது சன்னலோரம். நாள் முழுக்க அசையாமல் படுத்திருப்பவருக்குக் காதுக்குத்தான் அதிக வேலை. அவருக்குக் கேட்டிருக்காதா? வீட்டில் மற்றவர்கள் நடக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அந்தச் சத்தம் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவராக இருந்தால்?

ஆனால் இதை எப்படிச் சொல்வது? நான் அந்தப் பெரியவரைப் பார்த்ததில்லை. ஒருவேளை அவர் நிஜமாகவே மகன்மேல் கோபமாக இருக்கலாம். போனில் உட்கார்ந்துகொண்டு, உங்க அப்பாவுக்கு உங்கமேல கோபமே இல்லீங்க என்று நான் அளந்துவிட்டு, அது பொய்யாகப் போனால் அந்த மனிதர் இன்னும் நொறுங்கிவிடுவார். தெரியாத ஒன்றை ஆறுதலுக்காகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே சமயம் அப்படியே விடவும் எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இவ்வளவுதான் சொன்னேன். "ஸ்பீக்கர் பேசிக்கிட்டே இருக்கட்டுமுங்க. அப்படியே கையில எடுத்துக்கிட்டு உள்ள போய் அப்பாகிட்டக் காட்டுங்க. சத்தம் லாரில கேட்டுதுன்னு சொல்லுங்க. போனைக் கட் பண்ணாதீங்க."

"எதுக்குங்க?" என்றார். அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, துணி உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். ரவா லட்டுக்காரம்மாவும் கூடவே பேசிக்கொண்டு வந்தாள்.

உள்ளே போனதும் இரும்புக் கட்டிலை யாரோ அடிக்கிற சத்தம் கேட்டது. பட் பட்டென்று வேகமாக. "மாமா, மாமா, பொறுங்க" என்று கோமதி சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"அப்பா, இங்க பாருங்க. சத்தம் லாரிக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்கப்பா."

அடி நின்றது. ரவா லட்டுக்காரம்மா மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதையா காட்டுனீங்க?"

கட்டிலில் ஒரே ஒரு தட்டு.

"நாங் கேக்கறதுக்கு நெசமாச் சொல்லுங்க. இத்தன நாளா இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா? சத்தம் அங்க கேக்குதுன்னு?"

மறுபடியும் ஒரு தட்டு.

அதற்கப்புறம் அவர் குரல் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. "என்னையப் போவச் சொல்லலீங்களா?"

இதற்குத் தட்டு எதுவும் வரவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் இருந்து உருண்டு வந்த கரகரப்பான சத்தம். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கோமதிதான் சொன்னாள். "ஏனுங்க, மாமா சிரிக்கறாரு. உங்களத்தான் கிட்ட வரச் சொல்றாரு. கையக் குடுங்க. அழுகாதீங்க, கையக் குடுங்க அவருகிட்ட."

நான் அழுதுவிட்டேன். மேனேஜர் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். சுவரில் சிவப்புப் பலகை மின்னிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அதற்காக எனக்குத் திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கோமதி போனை எடுத்தாள். "அக்கா, இன்னும் லைன்ல இருக்கீங்களா? என்னுங்க பண்ணோணும் இப்ப?" என்றாள். டிவிக்குள் போய் அந்த ஸ்பீக்கரின் பெயரை அழித்துவிடச் சொன்னேன். சுலபமான வேலை, சொன்ன உடனே செய்துவிட்டாள். டிவியில் இருந்து சத்தம் வந்தது. அதற்குள் நிகழ்ச்சி முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அவங்கக்கா வாராங்களாமே?" என்று கேட்டேன்.

"வரட்டுங்க்கா. வந்து பாத்துப்போட்டு, சோறு தின்னுபோட்டுப் போவட்டும். மாமா எங்கயும் போவலீங்க."

ஒன்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் சொன்னபடி நான் அந்த ரீசெட்டை முழுசாகச் சொல்லி முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிவி ஸ்பீக்கரை மறந்திருக்கும். சத்தம் வந்திருக்கும். என் பெயரில் ஒரு புகார் தீர்ந்ததாக ஏறியிருக்கும், மேனேஜரும் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் சத்தம் எங்கே போயிருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. பெரியவர் எதைக் காட்டினார் என்று மகனுக்குத் தெரியாமலே, அவரை மறுநாள் குமாரபாளையத்துக்கு வண்டியேற்றியிருப்பார்கள். ரீசெட் செய்யச் சொல்வது தப்பில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு அதைத்தான் சொல்லப் போகிறீர்கள். அதற்கு முன்னால், கூப்பிடுகிறவர் எங்கே நின்று பேசுகிறார், அவருக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று ஒரு நிமிஷம் காது கொடுங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக உங்களை யாராவது திட்டினால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கோமதி மறுபடியும் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டேன்.

"என்னம்மா, டிவில சத்தம் வருதா?"

"அவரு லைனுக்குப் போயிருந்தா நல்லா வருதுங்க்கா. அவரு ஊட்டுக்கு வந்தா இல்லீங்க."

எனக்குப் பக்கென்றது. "மறுபடியும் அந்த ஸ்பீக்கரா?"

"அதில்லீங்க்கா" என்று சிரித்தாள். "அதுக்கெல்லாம் இப்ப ஒரு கோளாறும் இல்ல. லாரி வந்து நின்னதும் மாமாவே ரிமோட்ட எடுத்துச் சத்தத்த நிறுத்திப்போடறாரு. இவரு பக்கத்துல உக்காந்து எந்த ரோட்டுல போனேன், எங்க மழை, எங்க டீ நல்லாருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கோணும். மாமா கேட்டுக்கிட்டே இருக்கோணும். இவரு கெளம்பிப் போற வரைக்கும் டிவிய யாரும் தொடக் கூடாதுங்க்கா."